தேனீ வளர்ப்பு: முதலாண்டின் கணக்கு

சிற்றூர் மக்களின் வருவாயைப் பெருக்கவல்ல துணைத்தொழில்களைப் பட்டியலிடும்போது தேனீ வளர்ப்பு தவறாமல் இடம்பெறுகிறது. இதற்குச் சொந்த நிலம் வேண்டியதில்லை. அயலார் வயலிலும் சாலையோர மரத்திலும் பூக்கும் பூக்களே இதன் விளைநிலமாகும். நாள் முழுவதும் உழைக்க வேண்டியதில்லை. ஆடவர், மகளிர், முதியோர் ஆகிய யாவரும் இதை மேற்கொள்ள இயலும். தேனும் மெழுகும் கிடைப்பதுடன் பயிர்களின் மகரந்தச் சேர்க்கையும் பெருகுகிறது. இவை யாவும் உண்மையே. ஆயினும் ஆர்வத்துடன் தொடங்கி, ஓரிரு ஆண்டுகளில் காலிப் பெட்டிகளைப் பரணில் ஏற்றிவிட்டவர்களைப் பல மாவட்டங்களிலும் காணலாம்.

இத்தோல்விக்கு ஊக்கமின்மையையோ பயிற்சிக் குறைவையோ மட்டும் காரணமாகக் கூறிவிட இயலாது. தொடக்கக்காரர் தேன் எடுக்கும் மாதத்தை எண்ணித் தொழிலில் இறங்குகிறார். தேனீக் கூட்டமோ பூக்கள் இல்லாத மாதங்களில்தான் அழிகிறது. ஆகவே முதலாண்டில் எத்தனை கிலோ தேன் கிடைத்தது என்பதைவிட, பன்னிரண்டு மாதங்களைக் கடந்து எத்தனை கூட்டங்கள் உயிரோடு நிற்கின்றன என்பதே முதன்மையான கணக்காகும். வளர்ப்போருக்கும், இத்தொழிலுக்கு உதவி வழங்கும் அலுவலர்களுக்கும் இக்கணக்குப் பொதுவானது.

முயற்சிகளின் வரலாறு

நம் நாட்டில் தேன் தொன்றுதொட்டு அறியப்பட்ட பொருளாயினும், அசையும் சட்டங்கள் பொருத்திய பெட்டியில் தேனீயை வளர்க்கும் முறைக்கு 1880-களில்தான் முயற்சிகள் தொடங்கின. 1911-க்கும் 1917-க்கும் இடையில் அருள்தந்தை நியூட்டன் தென்னிந்தியத் தேனீயின் உடலளவுக்கு ஏற்ற சிறிய பெட்டியை வடிவமைத்து, சிற்றூர் மக்களுக்குப் பயிற்சியும் அளித்தார். அவர் பெயராலேயே வழங்கும் அப்பெட்டி இன்றும் பயன்பாட்டில் உள்ளது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் நடத்திய ஊரகப் பணி மையம் இத்தொழிலை வீடுதோறும் கொண்டு சென்றது. 1928-இல் அறிக்கை அளித்த வேளாண்மைக்கான ராயல் கமிஷனும் இதனைக் குடிசைத் தொழிலாக ஊக்குவிக்கப் பரிந்துரைத்தது.

விடுதலைக்குப் பின் கதர், கிராமத் தொழில் அமைப்புகள் இப்பொறுப்பை ஏற்றன. 1962-ஆம் ஆண்டு இருவகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் புணேயில் மத்தியத் தேனீ ஆராய்ச்சி, பயிற்சி நிலையம் நிறுவப்பட்டது. அதே ஆண்டில் இன்றைய இமாச்சலப் பிரதேசத்தைச் சேர்ந்த நக்ரோட்டா பக்வானில் இத்தாலியத் தேனீ வெற்றிகரமாக அறிமுகப்படுத்தப்பட்டது. இம்முயற்சியில் பேராசிரியர் அத்வாலின் பங்கு பெரிது. அங்கிருந்து பஞ்சாப், அரியானா சமவெளிகளுக்கு அது பரவியது.

1991, 1992 ஆகிய ஆண்டுகளில் தென் மாநிலங்களைத் தாக்கிய 'தாய்லாந்துப் பைப்புழு நோய்' என்னும் நச்சுயிரி நோய், வளர்ப்பிலிருந்த இந்தியத் தேனீக் கூட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. பல குடும்பங்கள் இத்தொழிலையே கைவிட்டன. பிழைத்த கூட்டங்களைப் பெருக்கியே தொழில் மீண்டும் உயிர்பெற்றது. 2017-இல் கதர், கிராமத் தொழில் ஆணையம் தேன் இயக்கத்தைத் தொடங்கியது. 2020-இல் ரூ. 500 கோடி மதிப்பில் அறிவிக்கப்பட்ட தேசியத் தேனீ வளர்ப்பு, தேன் இயக்கம் முதலில் மூன்றாண்டுகளுக்கு எனத் திட்டமிடப்பட்டு, பின்னர் 2025-26 முடிய நீட்டிக்கப்பட்டது.

எந்தத் தேனீ?

நம் நாட்டில் தேன் தரும் தேனீக்கள் ஐவகைப்படும். பாறைகளிலும் உயர்ந்த மரங்களிலும் ஒற்றைப் பேரடை கட்டும் மலைத்தேனீ மிகுந்த தேன் தருவதாயினும் பெட்டிக்குள் அடங்காது. புதர்க்கிளைகளில் சிற்றடை கட்டும் கொம்புத்தேனீயும் அத்தகையதே. கொடுக்கற்ற கொசுத்தேனீ சிறிதளவே தேன் சேர்க்கும். எஞ்சிய இந்தியத் தேனீ, இத்தாலியத் தேனீ ஆகிய இரண்டே பெட்டி வளர்ப்புக்கு முதன்மையாக உரியவை. இவ்விரண்டும் இயற்கையில் பொந்துகளுக்குள் பல அடைகளை அடுக்காகக் கட்டும் இயல்புடையவை.

இந்தியத் தேனீக் கூட்டம் ஒன்று ஆண்டுக்குச் சராசரியாக 6 முதல் 8 கிலோ தேன் தரும் என்றும், இத்தாலியத் தேனீக் கூட்டம் 25 முதல் 40 கிலோ வரை தரும் என்றும் வேளாண் நூல்கள் கூறுகின்றன. இவ்வெண்களை மட்டும் கண்டு முடிவெடுப்பது தவறாகும். இத்தாலியத் தேனீயின் உயர்ந்த விளைவு, பூக்கும் பயிரைத் தேடிப் பெட்டிகளை லாரிகளில் ஏற்றி மாநிலம் விட்டு மாநிலம் செல்வோர் பெறும் விளைவாகும். ஐந்து பெட்டிகளை ஒரே இடத்தில் வைத்திருப்பவர் அதனை எதிர்பார்க்க இயலாது. அன்றியும், பெரிய கூட்டத்துக்குப் பஞ்ச காலத்தில் தீனிச் செலவும் பெரிது.

இந்தியத் தேனீ தன் மண்ணின் பகைகளை அறிந்தது. 'வரோவா' என்னும் ஒட்டுண்ணிச் செள்ளு நெடுங்காலமாக இதன்மேல் வாழ்ந்து வருவதால், அதனைக் கடித்துக் களையும் திறன் இதற்கு உண்டு. ஆனால் உணவு குறைந்தால் பெட்டியைத் துறந்து பறந்துபோய்விடும். இத்தாலியத் தேனீ எளிதில் ஓடாது. கவனிப்பார் இன்றேல் பெட்டிக்குள்ளேயே பட்டினியால் மடியும். மலைச்சாரல்களிலும் தோட்டப் பகுதிகளிலும் நிலையாக வளர்ப்போருக்கு இந்தியத் தேனீயும், கடுகு, சூரியகாந்தி போன்ற பயிர்கள் பரந்து விளையும் சமவெளிகளில் இடம் பெயர்ந்து வளர்ப்போருக்கு இத்தாலியத் தேனீயும் ஏற்றவை என்பது பொது விதி. அருகில் அனுபவமுள்ளோர் எதனை வளர்க்கின்றனரோ அதனையே தொடக்கக்காரரும் வளர்ப்பது நலம்.

ஆறு வாரக் கணக்கு

ஒரு கூட்டத்தில் இராணித் தேனீ ஒன்றும், இனப்பெருக்கக் காலத்தில் சில நூறு ஆண் தேனீக்களும், பல்லாயிரம் பணித்தேனீக்களும் இருக்கும். பணித்தேனீக்களே தேன் கொணர்பவை. இத்தாலியத் தேனீயில் முட்டை 3 நாள், புழு ஏறத்தாழ 6 நாள், மூடிய அறைக்குள் கூட்டுப்புழு 12 நாள் என, இட்ட முட்டை பணித்தேனீயாக வெளிவர 21 நாள் ஆகும். இராணிக்கு 16 நாளும் ஆண் தேனீக்கு 24 நாளும் ஆகும். வெளிவந்த பணித்தேனீ உடனே வயலுக்குச் செல்வதில்லை. ஏறத்தாழ மூன்று வாரங்கள் அறைகளைத் துப்புரவு செய்தல், புழுக்களுக்கு ஊட்டுதல், மெழுகு சுரந்து அடை கட்டுதல், வாயிலைக் காத்தல் ஆகிய உள்வேலைகளைச் செய்கிறது. அதன் பின்னரே மதுரமும் மகரந்தமும் கொணரப் புறப்படுகிறது. மதுரம் என்பது பூக்களில் சுரக்கும் இனிப்பு நீர். அதனைத் தேனீக்கள் கூட்டில் சேர்த்து, நீரை வற்றச் செய்து, தேனாக மாற்றுகின்றன.

ஆகவே இன்று இடப்படும் முட்டை ஆறு வாரங்கள் கழித்தே தேன் கொணரும் தேனீயாகிறது. டிசம்பர் நடுவில் கடுகு பூத்துக் குலுங்கும்போது வயலுக்குச் செல்ல வேண்டிய தேனீக்களின் முட்டைகள் நவம்பர் தொடக்கத்திலேயே இடப்பட்டிருத்தல் வேண்டும். அதற்கு இராணி அக்டோபர் இறுதி முதலே ஊக்கமாக முட்டையிட வேண்டும். இராணி முட்டையிடுவதோ உள்ளே வரும் உணவைப் பொறுத்தது. பூக்களைக் கண்ட பின் கூட்டத்தைப் பெருக்க முனைபவர், பூக்காலம் முழுவதையும் தேனீ வளர்ப்பதிலேயே செலவிட்டு, தேனீக்கள் பெருகிய நாளில் பூக்கள் உதிர்ந்திருக்கக் காண்பார். பலவீனமான இரு கூட்டங்களைவிட வலிமையான ஒரு கூட்டம் மிகுந்த தேன் தருவதற்கும் காரணம் உண்டு. சிறிய கூட்டத்தில் பெரும்பாலான தேனீக்கள் புழு வளர்க்கும் உள்வேலைக்கே தேவைப்படுகின்றன. வெளியே செல்லச் சிலவே மிஞ்சுகின்றன.

பூக்களின் நாட்காட்டி

எனவே தேனீ வளர்ப்போரின் முதல் மூலதனம், தம் ஊரைச் சுற்றி எந்த மாதத்தில் எது பூக்கிறது என்ற அறிவேயாகும். தேனீ ஓராண்டில் மூன்று பருவங்களைக் காண்கிறது. கூட்டம் பெருகும் வளர்ச்சிக் காலம், மதுரம் தேவைக்கு மேல் கிடைக்கும் தேன் வரத்துக் காலம், மதுரமும் மகரந்தமும் அருகும் பஞ்ச காலம் ஆகியன அவை. இவை எந்தெந்த மாதங்களில் வரும் என்பது வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபடும்.

வட இந்தியச் சமவெளியை எடுத்துக்கொள்வோம். அக்டோபர், நவம்பரில் தோரியா என்னும் குறுகிய காலக் கடுகினம் பூக்கத் தொடங்குகிறது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பஞ்சாப், அரியானா, ராஜஸ்தான் மாநிலங்களில் கடுகு வயல்கள் மஞ்சள் விரிக்கின்றன. இதுவே அப்பகுதியின் பெரும் வரத்துக் காலம். பின்னர் யூக்கலிப்டஸ் மரங்கள் உதவுகின்றன. மார்ச்சில் பீகாரின் முசபர்பூர் வட்டாரத்து லிச்சித் தோப்புகளை நாடிப் பல மாநிலத்தவர் செல்கின்றனர். ஏப்ரல், மே மாதங்களில் விதைக்காக விடப்பட்ட பெர்சீம் தீவனப் பயிரும் சூரியகாந்தியும் கைகொடுக்கின்றன. அதன்பின் கோடையின் அனலும், தொடர்ந்து மழையும் வருகின்றன. ஜூன் முதல் செப்டம்பர் வரை மதுரம் மிகக் குறைவு. சோளம், கம்பு முதலியவற்றின் மகரந்தமே ஓரளவு கிடைக்கும். இந்நான்கு மாதங்களே அங்குத் தொடக்கக்காரரைச் சோதிக்கும் காலம்.

தெற்கே கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் நிலைமை வேறு. அங்கு இலையுதிர்ந்த ரப்பர் மரங்கள் துளிர்க்கும் ஜனவரி முதல் மார்ச் வரையிலான காலமே தேன் வரத்துக் காலமாகும். இம்மதுரம் பூவிலிருந்து வருவதன்று. இளந்தளிரின் காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து சுரக்கிறது. ஆதலால் மதுரம் பெருகினும் உடன் மகரந்தம் கிடைப்பதில்லை. புழு வளர்ப்புக்கு மகரந்தமே புரத உணவாதலின், பிற மரஞ்செடிகளும் அருகில் உள்ள இடங்களிலேயே கூட்டங்கள் செழிக்கின்றன. ஒரே பயிரைக் கண்டு மயங்கலாகாது என்பதற்கு இது தக்க சான்று.

தொடங்க விரும்புவோர் பெட்டி வாங்குவதற்கு முன் ஓராண்டு முழுவதும் தம் ஊரின் பூக்களைக் கவனித்து, மாதவாரியாகக் குறித்து வைத்தல் வேண்டும். இந்தியத் தேனீ பொதுவாக ஒரு கிலோமீட்டர் சுற்றளவிலும், இத்தாலியத் தேனீ இரண்டு, மூன்று கிலோமீட்டர் வரையிலும் உணவு தேடும். அவ்வட்டத்துக்குள் புளி, வேம்பு, புங்கம், முருங்கை, தென்னை, நாவல் போன்ற மரங்கள் உள்ளனவா, மூன்று மாதத்துக்கு மேல் தொடர்ந்து பூ இல்லாத காலம் உண்டா என்பன ஆராயத்தக்கவை.

பெட்டியும் கருவிகளும்

தேனீப் பெட்டி எளிய பொருளாகத் தோன்றினும் அளவில் பிழை பொறாதது. அடைகளுக்கிடையே ஏறத்தாழ 6 முதல் 9 மில்லிமீட்டர் வரையிலான இடைவெளியைத் தேனீக்கள் நடைபாதையாக விட்டுவைக்கின்றன. அதனினும் குறுகிய இடத்தைப் பிசினால் அடைத்துவிடும். அகன்ற இடத்தில் வேண்டாத அடை கட்டிவிடும். அமெரிக்கரான லாங்ஸ்ட்ராத் 1851-இல் இவ்வுண்மையைப் பயன்படுத்தி அசையும் சட்டமுள்ள பெட்டியை அமைத்ததே இக்காலத் தேனீ வளர்ப்பின் அடிப்படையாகும். ஈரம் உலராத மரத்தில் செய்த பெட்டி சில மாதங்களில் நெளிந்து இவ்விடைவெளியைக் கெடுக்கும். சட்டங்கள் ஒட்டிக்கொள்ளும், எடுக்க முனைந்தால் அடை உடையும், கூட்டம் சினக்கும். ஆகவே மிகக் குறைந்த விலைப்புள்ளியை மட்டும் கருதிப் பெட்டி கொள்முதல் செய்வது உண்மையில் சிக்கனமாகாது.

பெட்டியில் அடிப்பலகை, அதன்மேல் புழு அறை, அதற்கும் மேல் தேன் அறை, உள்மூடி, மேல்மூடி ஆகியன உண்டு. இராணி தேன் அறைக்குள் சென்று முட்டையிடாதவாறு தடுப்புத் தட்டு வைப்பதும் வழக்கம். கருவிகளில் புகைப்பான், முகவலை, சட்டங்களைப் பெயர்க்கும் உளி, தேன் எடுக்கும் இயந்திரம் ஆகியவை இன்றியமையாதவை. இயந்திரத்தைப் பலர் சேர்ந்து பொதுவில் வாங்கிக்கொள்ளலாம். முகவலையைத் தனித்தனியே வைத்திருத்தல் வேண்டும்.

தொடங்கும் முறை

தொடக்கக்காரருக்கு இரண்டுக்குக் குறையாமலும் ஐந்துக்கு மிகாமலும் கூட்டங்கள் போதும். ஒன்றே ஒன்றை வைத்திருப்பவர் அது நலமாக உள்ளதா, நலிகிறதா என்பதை ஒப்பிட்டறிய வழியில்லை. இரண்டு இருப்பின், இராணியை இழந்த கூட்டத்துக்கு மற்றொன்றிலிருந்து முட்டைகள் உள்ள அடை ஒன்றைத் தந்து புதிய இராணியை உருவாக்கச் செய்யலாம். பத்துக்கு மேற்பட்டால் பழகாத கைக்குப் பராமரிப்புச் சுமையாகும்.

கூட்டங்களைப் பஞ்ச காலம் தொடங்கும் தறுவாயில் வாங்குதல் கூடாது. வட இந்தியச் சமவெளியில் பிப்ரவரி, மார்ச் மாதங்களும் அக்டோபர் இறுதி முதல் நவம்பர் வரையும் ஏற்றவை. வாங்கும்போது இராணி இளமையானதா, அடைகளில் முட்டையும் புழுவும் மூடிய அறைகளும் இடைவெளியின்றி அமைந்துள்ளனவா, குறைந்தது நான்கைந்து சட்டங்களைத் தேனீக்கள் மூடியிருக்கின்றனவா என்று பார்த்தல் வேண்டும். பெட்டியின் எண்ணிக்கையைவிட அதனுள் உள்ள தேனீயின் அளவே விலைக்குரியது.

பெட்டி வைக்கும் இடம் நீர் தேங்காததாகவும், நண்பகல் வெயிலுக்கு நிழல் உள்ளதாகவும், காற்றின் வேகம் நேரே தாக்காததாகவும் இருத்தல் வேண்டும். வாயில் கிழக்கு நோக்கியிருப்பது நலம். அருகில் தூய நீர் வேண்டும். தாங்கியின் கால்களை நீர் நிரம்பிய கிண்ணங்களில் நிறுத்தினால் எறும்பு ஏறாது. பள்ளி, கால்நடைக் கொட்டில், மக்கள் நடமாடும் பாதை ஆகியவற்றிலிருந்து விலக்கி வைத்தல் வேண்டும். கொட்டினால் மூச்சுத் திணறும் அளவுக்கு ஒவ்வாமை உள்ளவர்கள் இத்தொழிலைத் தவிர்ப்பதே முறை.

வாரம் ஒருமுறை

கூட்டத்தை ஏழு முதல் பத்து நாட்களுக்கு ஒருமுறை, வெயில் தெளிந்த வேளையில் திறந்து பார்ப்பது போதுமானது. நாள்தோறும் திறப்பது தீங்கு. இராணியை நேரில் தேடி நேரம் போக்க வேண்டியதில்லை. அறைக்கு ஒன்றாக, அறையின் அடியில் நிற்கும் புதிய முட்டைகள் தென்பட்டால் இராணி உள்ளதென்று கொள்ளலாம். ஒரே அறையில் பல முட்டைகள் தாறுமாறாகத் தென்படின், இராணி இன்றிப் பணித்தேனீக்களே முட்டையிடத் தொடங்கிவிட்டன எனலாம். அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போன்ற இராணி அறைகள் தொங்குமாயின், கூட்டம் பிரிந்து செல்ல ஆயத்தமாகிறது என்பது பொருள். அப்போது சட்டங்களைக் கூட்டி இடவசதி தருவதோ, முறைப்படி கூட்டத்தைப் பிரிப்பதோ செய்தல் வேண்டும். உணவிருப்பு எவ்வளவு, மகரந்தம் வருகிறதா, நோய்க்குறி உண்டா என்பனவற்றையும் ஒரு குறிப்பேட்டில் தேதியிட்டு எழுதிவைத்தல் இன்றியமையாதது.

பஞ்ச காலத்தைக் கடத்தல்

தேன் எடுக்கும்போதே பஞ்ச காலத்தை நினைவிற்கொள்ள வேண்டும். தேன் அறையில் உள்ளது வளர்ப்பவருக்கு. புழு அறையில் உள்ளது தேனீக்கு. இவ்வரம்பை மீறிக் கடைசித் துளி வரை எடுத்தவர், அதன் பெறுமானத்துக்கு மேலாகச் சர்க்கரைக்குச் செலவிட நேரும். அல்லது கூட்டத்தையே இழக்க நேரும்.

உணவிருப்புக் குறைந்த கூட்டத்துக்குச் சர்க்கரைப் பாகு ஊட்டுதல் வேண்டும். கூட்டத்தை வளர்க்கும் நோக்கில் தரும் பாகில் சர்க்கரையும் நீரும் சம அளவாகவும், இருப்புக்காகத் தருவதில் சர்க்கரை இரு பங்காகவும் இருப்பது வழக்கம். மாலை மயங்கிய பின், பெட்டிக்கு உள்ளேயே, எல்லாக் கூட்டங்களுக்கும் ஒரே நாளில் ஊட்டுதல் வேண்டும். பாகு வெளியே சிந்தினால் வலிய கூட்டம் மெலிந்ததைக் கொள்ளையிடும். வரத்துக் காலத்தில் பாகு ஊட்டுவது தேனில் கலப்படம் செய்வதற்கு ஒப்பாகும்.

பகைகளும் இக்காலத்தில்தான் மேலோங்குகின்றன. மெழுகு அந்துப்பூச்சியின் புழுக்கள் தேனீக்கள் மூடாத அடைகளைத் துளைத்து நூலாம்படை போல் பின்னிவிடும். தேவைக்கு மேற்பட்ட அடைகளை அகற்றுவதும், விரிசல்களை அடைப்பதும், கூட்டத்தை வலிமையாக வைத்திருப்பதுமே இதற்கு மருந்து. குளவிகளின் கூடுகளைத் தேடி அழித்தல் வேண்டும். இத்தாலியத் தேனீயில் வரோவாச் செள்ளு பெருங்கேடு விளைப்பது. செம்பழுப்பு நிறமுள்ள அது கண்ணுக்குத் தெரியும் அளவினது. ஆண் தேனீப் புழுக்களையே அது மிகுதியும் நாடுவதால், அவ்வறைகள் உள்ள அடைப்பகுதியை வெட்டி நீக்குவது ஒரு வழியாகும். அமிலங்களைப் பயன்படுத்துவதாயின் வல்லுநர் வழிகாட்டுதலுடன், தேன் வரத்து இல்லாத காலத்தில் மட்டுமே செய்தல் வேண்டும். நோய்க்கு அஞ்சி எதிருயிரி மருந்துகளைத் தம் விருப்பம்போல் ஊட்டுவது தேனில் எச்சமாகத் தங்கும். 2010-இல் ஐரோப்பிய ஒன்றியம் இந்தியத் தேனின் இறக்குமதியை நிறுத்தியதற்கு இத்தகைய எச்சங்கள் பற்றிய கவலையும் காரணமாக இருந்தது; பின்னரே அத்தடை நீங்கியது.

இழப்பின் பொருளாதாரத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஐந்து கூட்டங்களுடன் தொடங்கிய ஒருவர் பஞ்ச காலத்தில் இரண்டை இழந்தார் எனக் கொள்வோம். எஞ்சிய மூன்றில் இரண்டை அடுத்த வளர்ச்சிக் காலத்தில் பிரித்தால் மீண்டும் ஐந்தாகும். ஆனால் பிரிக்கப்பட்ட நான்கும் அந்தப் பருவத்தில் தம்மை வளர்த்துக்கொள்வதிலேயே மதுரத்தைச் செலவிடும். எனவே தேன் தருவது பெரும்பாலும் ஒரு கூட்டமே. மடிந்தவை இரண்டாயினும் வருவாய் இழந்தவை நான்காகின்றன. அதே மனிதர் பஞ்ச காலத்தில் சில கிலோ சர்க்கரைக்குச் செலவிட்டிருப்பின் இவ்விழப்பைப் பெரும்பாலும் தவிர்த்திருக்கலாம்.

தேனும் அதன் தரமும்

அடையின் அறைகளில் பெரும்பகுதி மெழுகால் மூடப்பட்ட பின்னரே தேன் எடுத்தல் வேண்டும். மூடப்படாத அறைகளில் உள்ளது முற்றாத மதுரம். ஈரம் மிகுந்த அது விரைவில் புளிக்கும். தேனில் ஈரம் 20 விழுக்காட்டுக்கு மேற்படக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு, தர நிர்ணய ஆணையத்தின் விதி. அவசரப்பட்டு எடுப்பதால் எடை கூடினாலும் விலை குறையும்.

கடுகுத் தேன் விரைவில் உறைந்து வெண்மையாகும் இயல்புடையது. உறைந்த தேனைச் சர்க்கரை கலந்தது என நுகர்வோர் ஒதுக்குவது தவறான எண்ணமாகும். நீரில் கரைத்துப் பார்த்தல், தீக்குச்சியில் தடவிக் கொளுத்துதல் போன்ற வீட்டுச் சோதனைகளும் நம்பத்தக்கவையல்ல. இக்காலக் கலப்படத்தை ஆய்வுக்கூடமே அறியும். 2020-இல் அமெரிக்காவுக்கு ஏற்றுமதியாகும் தேனுக்கு அணுக்காந்த ஒத்ததிர்வுச் சோதனை கட்டாயமாக்கப்பட்டது. தேனின் பிறப்பிடத்தை அறிய 2021-இல் தேசியத் தேனீ வாரியம் 'மதுகிராந்தி' என்னும் இணையப் பதிவு முறையைத் தொடங்கியது. தொடக்கக்காரரும் பதிவு செய்துகொள்வது, பின்னாளில் கூட்டங்களை இடம் பெயர்க்கவும் தேனை விற்கவும் துணையாகும்.

அயலார் பெறும் நன்மை

தேனீ வளர்ப்பின் பயன் தேனோடு முடிவதில்லை. உலகின் முதன்மையான உணவுப் பயிர் வகைகளில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, சிறிதேனும் மகரந்தம் பரப்பும் உயிரினங்களைச் சார்ந்தவை என்று உணவு, வேளாண்மை நிறுவனம் கூறுகிறது. ஆப்பிள், சூரியகாந்தி, ஏலம், பூசணி வகைகள், வெங்காய விதை ஆகியன தேனீயால் பெரும்பயன் பெறுகின்றன.

இந்நன்மைக்கு விலை கிடைக்கிறதா என்பது பொருளாதார அறிஞர்கள் நெடுங்காலம் விவாதித்த வினா. ஆங்கிலப் பொருளியலறிஞர் ஜேம்ஸ் மீட் 1952-இல் எழுதிய கட்டுரையில், ஆப்பிள் தோட்டக்காரரும் தேனீ வளர்ப்பவரும் ஒருவருக்கொருவர் விலையின்றி நன்மை செய்வதைப் புறப்பயனுக்கு எடுத்துக்காட்டாகக் காட்டினார். 1973-இல் ஸ்டீவன் சியுங் என்பவர், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் இத்தகைய சேவைக்கு வாடகை ஒப்பந்தங்கள் நடைமுறையில் உள்ளதை ஆராய்ந்து வெளியிட்டார். நம் நாட்டில் இமாச்சலப் பிரதேசத்தில் ஆப்பிள் பூக்கும் பருவத்தில் தோட்டக்காரர்கள் வாடகை தந்து தேனீப் பெட்டிகளை வைத்துக்கொள்ளும் வழக்கம் வேரூன்றியுள்ளது. பிற பயிர்களில் இவ்வழக்கம் பரவினால் தேன் விலை வீழும் ஆண்டிலும் வளர்ப்பவருக்கு வருவாய் நிலைக்கும்.

உழவரின் ஒத்துழைப்பு இன்றித் தேனீ வாழாது. பூக்கும் வேளையில் பகலில் தெளிக்கும் பூச்சிக்கொல்லி ஒரே நாளில் கூட்டத்தை அழித்துவிடும். தேனீக்கள் கூடு திரும்பிய மாலைப் பொழுதில் தெளிப்பதும், முன்கூட்டி அறிவிப்பதும் இருவருக்கும் நன்மை தரும். அறிவிப்புக் கிடைத்தால் பெட்டியின் வாயிலை வலையால் மூடவோ, இடம் மாற்றவோ வளர்ப்பவரால் இயலும்.

நிதியாண்டும் பூவாண்டும்

இனி, உதவித் திட்டங்களைச் செயற்படுத்தும் அலுவலர்கள் கருதவேண்டியது ஒன்றுண்டு. அரசின் ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. தேனீயின் ஆண்டோ பூக்களைப் பொறுத்தது. ஒதுக்கீட்டைச் செலவிடும் நெருக்கடியில் மார்ச் இறுதியில் கூட்டங்கள் வழங்கப்பட்டால், வட சமவெளியில் பயனாளி பழகுவதற்குள் பஞ்ச காலம் வந்துவிடும். ரப்பர்ப் பகுதியிலோ வரத்துக் காலமே முடிந்திருக்கும். அதே தொகையை வளர்ச்சிக் காலத்தின் தொடக்கத்தில் செலவிட்டால் கூட்டமும் பயனாளியும் ஒருங்கே வளர வாய்ப்புண்டு.

பயிற்சிக்கும் இது பொருந்தும். ஐந்து நாள் வகுப்பு தேவையே. எனினும் தேனீயின் ஆண்டு ஐந்து நாளில் அடங்காது. வளர்ச்சி, வரத்து, பஞ்சம் ஆகிய மூன்று பருவங்களிலும் ஒவ்வொரு முறை பயனாளியின் பெட்டியைத் திறந்து வழிகாட்டுவது, ஒரே மூச்சில் நடத்தும் வகுப்பைவிடப் பயன்தரும். பெட்டிக்கு மட்டும் மானியம் வழங்கி, முதற்பஞ்ச காலத்தின் தீனிச் செலவைக் கணக்கில் கொள்ளாத திட்டம் பாதிவழியில் நின்றுவிடும். மாவட்டந்தோறும் பூக்களின் நாட்காட்டி ஒன்றை வேளாண் அறிவியல் நிலையங்கள் வாயிலாகத் தொகுத்து, உதவி வழங்கும் மாதத்தை அதற்கேற்ப வகுத்தல் வேண்டும்.

முன்னேற்ற அறிக்கைகளில் 'வழங்கப்பட்ட பெட்டிகள்' என்ற பத்தியை அடுத்து, 'ஓராண்டுக்குப் பின் உயிரோடுள்ள கூட்டங்கள்' என்ற பத்தியும் இடம்பெறுமாயின், திட்டத்தின் உண்மையான விளைவு தெளியும். இப்பத்தியை நிரப்புவதற்கெனக் களத்துக்குச் செல்லும் அலுவலர், தளர்ந்த கூட்டத்தை அது மடிவதற்கு முன்னரே காணவும் இடமுண்டு.

தேனீ வளர்ப்பு எளியோர்க்கு ஏற்ற தொழில் என்பதில் ஐயமில்லை. ஆனால் எளியோரிடம் இரண்டாம் முறை முதலீடு செய்யப் பொருள் இராது. முதலாண்டில் தோற்றவர் மீண்டும் வருவது அரிது. ஆதலின் முதலாண்டில் தேனை எதிர்பாராமல் கூட்டத்தைக் காப்பதும், இரண்டாம் ஆண்டில் கூட்டத்தைப் பெருக்குவதும், அதன்பின் தேனை வருவாயாகக் கொள்வதும் முறையான வரிசையாகும். இவ்வரிசையை மனத்திற்கொண்டு வளர்ப்பவரும் அலுவலரும் செயற்படின், வழங்கும் பெட்டிகள் பரணுக்குச் செல்லாமல் தோட்டத்தில் நிலைத்து நிற்கும்.